பகவதி காலியாக விட்ட கட்டம்

ஏய்யா,

நீ சென்னைக்கு ரயில் ஏறி இன்றோடு இருபத்து மூன்று நாள். தினமும் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். சாப்பிட்டாயா, தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா, அறையில் கூட இருக்கிறவர் எப்படி என்று நான் கேட்கிறேன். நீ எல்லாவற்றுக்கும் ‘ம்’ போடுகிறாய். நான் சொல்ல வேண்டிய ஒன்று மட்டும் அந்தப் பேச்சுக்குள் வர மாட்டேன் என்கிறது. நாலைந்து தடவை ஆரம்பித்து, “சரி, வைக்கட்டுமா” என்று முடித்துவிட்டேன். எழுதினால் பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். படித்த பிறகு நீ இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகளுக்கு வாசித்தே காட்டலாம். பதினைந்து வருடம் மறைத்தது போதும்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டே உன் வேலையைப் பற்றிச் சொன்னாய். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனி என்று அதுவரை எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். “பெரிசா ஒண்ணும் இல்லம்மா, லேப் ரிப்போர்ட் பிரிண்ட் ஆகுற பாகம் மட்டுந்தான் எனக்குக் குடுத்திருக்காங்க, சின்ன வேலதான்” என்றாய். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, “என்னம்மா, ரசம் இன்னும் கொதிக்கலியா” என்று நீ குரல் கொடுத்தாய். அன்றைக்கு நான் ரசமே வைக்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வருவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன் என்பது உனக்கு லேசாக ஞாபகம் இருக்கும். நீ அப்போது நாலாம் வகுப்பு. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் நடத்திய சின்ன லேப். அதுவரை ரிப்போர்ட்டுகளைக் கையால்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் டாக்டர் என்னை வேலைக்கு எடுத்து, ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார். எழுதினேன். நோயாளியின் பெயர், வயது, சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று டைப் செய்தால் அழகாகக் கட்டம் போட்டு அச்சாகி வரும். டாக்டர் வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஏழெட்டு மாதம் எந்தக் குறையும் இல்லை.

அங்கே பரிசோதனை செய்கிறவள் பகவதி. என்னைவிட ஏழு வயது இளையவள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, ஏழு மணிக்கு லேப்பைத் திறப்பாள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிற வயதானவர்களை அவள் பேசிப் பேசியே ஊசியை மறக்க வைத்துவிடுவாள். நரம்பு கிடைக்காத கையில்கூட ஒரே தடவையில் எடுப்பாள். என்னை “அக்கா, அக்கா” என்று சுற்றி வருவாள். மதியம் என் டப்பாவில் பாதி அவளுக்கு, அவள் டப்பாவில் பாதி எனக்கு.

இடையில் புது மெஷின் ஒன்று வந்தது. பொட்டாசியம் பார்க்கிற வசதி அதில் இருந்தது. “இன்னைக்கே ரிப்போர்ட்ல சேத்திரும்மா” என்று டாக்டர் அவசரப்படுத்தினார். அரை மணி நேரத்தில் சேர்த்தேன். அந்த அரை மணி நேரத்தில்தான் தப்பு நடந்தது. உனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் நான் சொல்கிற மாதிரி ஒரு தடவை கேள். ஒரு மதிப்பைப் போட்டு வைக்கிற இடத்துக்குப் பெயர் மாறி. அந்த மாறியை எங்கே உண்டாக்குகிறோமோ, அதைப் பொறுத்துத்தான் அதை யார் பார்க்க முடியும், அது எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பது. அதைத்தான் எங்கள் பாடப்புத்தகத்தில் வரையெல்லை என்று போட்டிருக்கிறது. ஒரு செயற்கூறுக்குள், அதாவது புரோகிராமில் ஒரு தனி வேலையைச் செய்கிற துண்டுக்குள், உண்டாக்கினால் அந்தச் செயற்கூறு ஓடி முடிந்ததும் அது இல்லாமல் போய்விடும். வெளியே இருக்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. செயற்கூறுகளுக்கு வெளியே, புரோகிராமின் மேல்பகுதியில் உண்டாக்கினால் எல்லாச் செயற்கூறுகளும் அதைப் பார்க்கலாம்; காலையில் புரோகிராமைத் திறந்ததிலிருந்து சாயங்காலம் மூடுகிற வரைக்கும் அது இருக்கும். நாமாக அழிக்காமல் அதிலிருக்கிற மதிப்பு அழியாது.

நான் எல்லா மாறிகளையும் வெளியில்தான் வைத்திருந்தேன். சோம்பல்தான் காரணம். ஒவ்வொரு செயற்கூறுக்கும் மதிப்புகளைக் கைமாற்றிக் கொடுக்கிற வேலை மிச்சம். அதற்குப் பதிலாக, அடுத்த நோயாளி வரும்போது எல்லா மாறிகளையும் காலி செய்வதற்கு ஒரு செயற்கூறு எழுதியிருந்தேன். பொட்டாசியத்தைச் சேர்த்தபோது, அந்த மாறியை மேலே உண்டாக்கிய வரியை அப்படியே நகலெடுத்து, காலி செய்கிற செயற்கூறுக்குள்ளும் ஒட்டிவிட்டேன். அதனால் என்ன ஆனது என்றால், உள்ளே அதே பெயரில் இன்னொரு மாறி உண்டாகிவிட்டது. காலி செய்யச் சொன்னபோதெல்லாம் கம்ப்யூட்டர் உள்ளே இருந்த அந்தப் புது மாறியைத்தான் காலி செய்தது. வெளியே இருந்ததை அது தொடவே இல்லை. போன நோயாளியின் பொட்டாசியம் அங்கேயே இருந்தது. புதிதாக ஓர் எண்ணை டைப் செய்தால் அது பழையதன் மேல் உட்கார்ந்துகொள்ளும், ஒன்றும் தெரியாது. டைப் செய்யாமல் காலியாக விட்டால், பழைய எண் புதிய ஆளின் ரிப்போர்ட்டில் அச்சாகும். இதற்குக் கம்ப்யூட்டர் எந்த எச்சரிக்கையும் கொடுக்காது. எழுதியது இலக்கணப்படி சரியாகத்தானே இருக்கிறது.

தச்சநல்லூரிலிருந்து டிராயிங் மாஸ்டர் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்கு வருவார். ஓய்வு பெற்றவர். கிட்னி கொஞ்சம் பலவீனம், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தத் திங்கள்கிழமை அவருக்கு எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் குழாயிலேயே உடைந்துபோயிருந்தன. அப்படிப்பட்ட ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்தால் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். மறுபடி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். பகவதி மற்றதையெல்லாம் டைப் செய்து, பொட்டாசியத்தைக் காலியாக விட்டு, தன் நோட்டில் ‘பொட்டாசியம் மறுபடி’ என்று எழுதி வைத்தாள். அந்தக் கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்து, கவுண்டரில் இருக்கிறவர் அவரைத் தன்னிடம் திரும்ப அனுப்புவார் என்று நம்பி அடுத்த ஆளுக்கு ஊசி எடுக்கப் போய்விட்டாள். அச்சாகி வந்த தாளில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. அவருக்கு முன்னால் வந்த ஒரு பெண்ணின் பொட்டாசியம் 4.2. மாஸ்டரின் ரிப்போர்ட்டிலும் 4.2. கச்சிதமான எண். கவுண்டரில் இருந்தவர் கொடுத்துவிட்டார். மாஸ்டருக்கு வைத்தியம் பார்த்தவர் அதைப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, அதே மாத்திரையைத் தொடருங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த மாத்திரை பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது. உண்மையில் அவருக்கு அது ஏற்கெனவே மிகவும் கூடியிருந்தது.

புதன்கிழமை காலை அவர் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்காரப்போனவர் அப்படியே விழுந்துவிட்டார். இதயம் நின்று, ஆஸ்பத்திரியில் திரும்ப ஓட வைத்தார்கள். பதினோரு நாள் அங்கே கிடந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் கை நடுங்க ஆரம்பித்து, நிற்கவே இல்லை. நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தவர், ஏய்யா.

ஆஸ்பத்திரியில் பார்த்த பொட்டாசியம் எங்கள் ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்று தகவல் வந்து, வெள்ளிக்கிழமை டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தார். “இந்த நம்பர் எங்க இருந்து வந்துச்சு?” என்று பகவதியிடம் கேட்டார்.

“நான் நம்பர் போடல டாக்டர். காலியாத்தான் விட்டேன். நோட்ட பாருங்க.”

“நோட்டுல இப்பக்கூட எழுதலாம். பாக்காமயே ஒரு நம்பர அடிச்சி விட்டிருக்க.”

“என் கண்ணாண நான் அடிக்கல டாக்டர்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, ஒம் புரோகிராம்ல ஏதும் கோளாறு இருக்குமா?”

நான் சொன்ன பதிலை உனக்கு அப்படியே எழுதுகிறேன். “கம்ப்யூட்டர் தானா நம்பர் போடாது டாக்டர். யாராச்சும் டைப் பண்ணுனாத்தான் வரும்.”

அதைச் சொன்னபோது அது உண்மை என்றுதான் நம்பினேன். திறந்து பார்க்காமல் நம்பினேன். பகவதி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை; நான் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல, குழம்பிப்போய்ப் பார்த்தாள். அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். பரிசோதிக்காமல் எண் போட்டவள் என்ற பேர் ஊருக்குள் சுற்றி வந்துவிட்டது. அப்படிப் பேர் வாங்கினவளை வேறு எந்த லேப்பில் சேர்ப்பார்கள்? வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “அக்கா, நீங்களாச்சும் ஒரு தடவ அதத் தொறந்து பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். இல்லாத ஒரு பெயரைப் போட்டு பொட்டாசியம் 5.1 என்று டைப் செய்து அச்சடித்தேன். அடுத்து இன்னொரு பெயரைப் போட்டு, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அச்சடித்தேன். தாள் மெதுவாக வெளியே வந்தது. 5.1. உள்ளே போய்த் தேடினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, நான் ஒட்டிய அந்த வரி அங்கேயே இருந்தது. அதை அழித்தேன். மறுபடி அச்சடித்தேன். கட்டம் காலியாக வந்தது. ஒரு வரிதான், ஏய்யா. அந்தத் தாள்களையெல்லாம் மடித்து என் டப்பாவுக்குள் வைத்து மூடிக்கொண்டேன். டாக்டர் சாப்பிட்டுவிட்டு வந்து, “என்னம்மா, சாப்பிடலியா” என்று கேட்டார். “சாப்பிட்டேன் டாக்டர்” என்றேன்.

புது மெஷின் வந்ததற்கும் நான் அந்த வரியை அழித்ததற்கும் இடையில் நாலு மாதம். அந்த நாலு மாதத்தில் வேறு யாருக்கெல்லாம் அடுத்தவருடைய எண் போயிருக்கும் என்று நான் தேடவில்லை. நகல்கள் அலமாரியில் கட்டுக் கட்டாக இருந்தன. தேடினால் ஏன் தேடுகிறாய் என்று கேட்பார்களே. இந்தக் கடிதத்தில் எழுதுவதிலேயே எனக்கு மிகவும் கூச்சமான வரி இதுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் உன் அப்பாவிடம் சொன்னேன். உன் பள்ளிக்கூடச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார்கள். “நாளைக்குக் காலைலயே போய்ச் சொல்லிரு. நானும் ஆபீசுக்கு லீவு போட்டுட்டுக் கூட வாரேன்” என்றார்கள்.

“டாக்டர் என்னய வேலைய விட்டு அனுப்பிருவாரு.”

“அனுப்பட்டும். அந்தப் பிள்ளைய அனுப்பிருக்காருல்லா.”

சரி என்றேன். மறுநாள் உனக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கோயில் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னபோது என் வாய் சும்மா அசைந்தது. திங்கள்கிழமை டாக்டர் ஊரில் இல்லை. உன் அப்பா இரண்டாவது தடவை கேட்டார்கள்; “சொல்லுதேன்” என்றேன். மூன்றாவது தடவை அவர்கள் கேட்கவில்லை. அவர்களாகப் போய்ச் சொல்லவும் இல்லை. அது நான் செய்ய வேண்டியது என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அடுத்த மாதமே பள்ளிக்கூட வேலைக்கு விண்ணப்பத் தாளை வாங்கி வந்து என் முன்னால் வைத்தார்கள். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் எனக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் பகவதி என்ற பெயர் டெலிவிஷனில் யாருக்காவது வந்தால்கூட எழுந்து வெளியே போய்விடுவார்கள். நீ ஒரு தடவை, “அப்பாவும் நீயும் ஏன் சில நேரம் ஒருத்தர ஒருத்தர் பாக்க மாட்டேங்கீங்க” என்று கேட்டாய். நான் உன்னைத் திட்டினேன். நீ கேட்டது சரியான கேள்வி.

பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வருடா வருடம் வரையெல்லைப் பாடத்தை நான்தான் எடுக்கிறேன். உள்ளே ஒரு மாறி, வெளியே அதே பெயரில் ஒரு மாறி, விடை என்ன வரும் என்று கரும்பலகையில் எழுதிக் கேட்பேன். இந்த வருடம் ஒரு பிள்ளை எழுந்து, “மிஸ், இது தப்புன்னா கம்ப்யூட்டர் சொல்லிராதா?” என்றாள். சொல்லாது என்றேன். “அப்ப நமக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். சுண்ணாம்புக்கட்டியை வைத்துவிட்டு, யாராவது ‘நான் இதைப் போடவில்லை’ என்று சொல்லும்போது தெரியும் என்றேன். வகுப்பு சிரித்தது, நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று.

நீ ரயிலேறிய அடுத்த சனிக்கிழமை நான் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். தெருப்பெயர் மட்டும் ஞாபகம் இருந்தது. ஒரு கடையில் விசாரித்தேன். அப்பளம் போடுகிற இடத்தில் வேலை பார்க்கிற பகவதியா என்று கேட்டு வழி சொன்னார்கள். கதவைத் திறந்தவளுக்கு முழங்கை வரைக்கும் உளுந்து மாவு. தலையில் பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. “வாங்கக்கா” என்றாள். தண்ணீர் கொடுத்தாள். நான் குடிக்காமலே சொல்லிவிட்டேன்: “பகவதி, நீ காலியாத்தான் விட்ட. எம் புரோகிராம்தான் அந்த நம்பரப் போட்டுச்சு.”

அவள் மாவுக்கையைத் துடைக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. “காலியா விட்டா நம்பர் எப்படிட்டி வரும்னு எங்க அண்ணனே கேட்டான்” என்றாள். “ரெண்டு வருசம் உறுதியாத்தான் இருந்தேன்க்கா. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துட்டு. இத்தன பேரு சொல்லுதாங்களே, நாமதான் வேற யாரு நம்பரையோ பாத்து அடிச்சிட்டமோன்னு. இப்ப அப்பளத்த எண்ணி வச்சாலும் மூணு தடவ எண்ணுதேன். எங் கை மேல எனக்கே நம்பிக்க இல்ல.”

வேலை போனது, பேர் கெட்டது, இதையெல்லாம் நான் நினைத்துப் பார்த்திருக்கிறேன். இதை நினைத்துப் பார்த்ததில்லை. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். முந்தின நாளே பத்துப் பதினைந்து வரியில் அதே தப்போடு ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “நீயே அடி” என்றேன். முதல் பெயர், 4.2. அடுத்து இன்னொரு பெயர், எண் எதுவும் இல்லாமல் வெறும் எண்டர். திரையில் 4.2 என்று வந்தது. அவள் விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். “இன்னொரு தடவ” என்றாள். மறுபடி அடித்தாள். மறுபடி வந்தது. வேறு எண் போட்டாள், அது வந்தது. எத்தனை தடவை அடித்தாள் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் எண்களை ஒவ்வொரு நோயாளிக்கும் அந்தந்தச் செயற்கூறுக்குள்ளேயே உண்டாக்கும்படி மாற்றிக் கொடுத்தேன். இப்போது எண்டர் தட்டினால் ‘இன்னும் பார்க்கவில்லை’ என்று வந்தது. அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்துவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “ஒங்களுக்கு இது எப்பத் தெரியும்?”

போன மாதம், போன வருடம் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரைக்கும் வந்தது, ஏய்யா. “ஏழாம் நாள்” என்றேன்.

“ஏழாம் வருசமா?”

“நாள், பகவதி. நீ போய் ஏழாம் நாள்.”

அவள் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள். திரும்பியபோது, “மன்னிச்சிருன்னு மட்டும் கேக்காதீங்க. எழுதிக் குடுங்க. எல்லாத்தையும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்றாள். அவளே பேப்பர் கொண்டுவந்து வைத்தாள். நான் எழுதினேன். ஏழாம் நாள் என்ற இடத்தை விட்டுவிடுவேனோ என்று தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் டாக்டர் வீட்டுக்குப் போனோம். லேப்பை எப்போதோ வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். வயதாகிவிட்டது. உட்காரச் சொன்னார், நான் உட்கார்ந்தேன், பகவதி நின்றாள். விஷயத்தைச் சொன்னதும், “இத எதுக்கும்மா இப்பப் போய்க் கிளறுதீங்க, எல்லாம் முடிஞ்சி போச்சு” என்றார். பகவதி தாளை அவர் கையில் வைத்தாள். “எனக்கு முடியல டாக்டர். வாசிங்க. சத்தமா வாசிங்க.” அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்தார். ஏதோ மனுவை வாசிப்பதுபோல ஆரம்பித்தவர், அன்றைக்கு அவர் அறையில் நான் சொன்ன வாக்கியம் வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி மெதுவாக வாசித்து முடித்தார். பேனா கேட்டார். என் கையெழுத்துக்குக் கீழே, ‘பகவதி பொய் சொல்லவில்லை. நான் நோட்டை நம்பாமல், விசாரிக்காமல் அனுப்பிவிட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொண்டுவந்து வைத்த காப்பியை யாரும் குடிக்கவில்லை.

அவளுக்கு இதனால் பழைய வேலை திரும்பக் கிடைத்துவிடவில்லை. நாற்பத்து மூன்று வயதில் யார் அவளைத் திரும்ப லேப்பில் எடுப்பார்கள்? அந்தத் தாளை அவள் அண்ணனிடம் காட்டியிருப்பாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என்னோடு அவள் இப்போதும் நெருங்கிப் பேசுவதில்லை. அதில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

உனக்கு நான் சொல்ல நினைத்தது பெரிய உபதேசம் இல்லை. மாறிகளை உள்ளேயே வை. வெளியே வைப்பது எவ்வளவு சுலபமாக இருந்தாலும் வைக்காதே. காலி என்பதும் ஒரு விடைதான், அதைக் காலி என்றே அச்சடிக்கும்படி எழுது. யாராவது ஒருத்தர், அது டெஸ்டிங் பார்க்கிற பிள்ளையோ ஆஸ்பத்திரியில் டைப் செய்கிற நர்ஸோ, ‘நான் அதைப் போடவில்லை’ என்று சொன்னால், உன் புரோகிராமுக்காகப் பேசுவதற்கு முன்னால் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் அடித்ததை அவரையே திரும்ப அடிக்கச் சொல்லிப் பார். தப்பு உன்னுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே சொல். தப்பு எழுதினதற்கு என்னை நானே ஒருவேளை மன்னித்திருப்பேன்; அவசரத்தில் யார் கைக்கும் வரும். மறுநாள் என்று தள்ளிப்போட்டது அப்படி இல்லை. அதை நான் தினமும் புதிதாகச் செய்தேன். இதைப் படித்துவிட்டு உனக்கு என் மேல் கோபம் வந்தால் இரண்டு நாள் போன் எடுக்காதே, நான் புரிந்துகொள்வேன்.

இன்னும் ஒரு இடம் மிச்சம் இருக்கிறது. டாக்டர் வீட்டிலிருந்து வந்து பஸ்ஸுக்காக நிற்கும்போது, தச்சநல்லூருக்கும் போக வேண்டும், கூட வருகிறாயா என்று பகவதியைக் கேட்டேன். மாஸ்டர் இன்னும் இருக்கிறார் என்று அவள்தான் சொன்னாள். பிறகு, “அவரு ஆஸ்பத்திரியில இருந்து வந்த ஒடனே நான் அவருட்டப் போய்ச் சொல்லிட்டேன்க்கா, நான் அந்த நம்பரப் போடலன்னு” என்றாள். “அவரு நம்புனாரு. அவரு ஒருத்தருதான் நம்புனாரு. யாரு போட்டதுன்னுதான் அவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அங்க நான் வரல. நீங்க தனியாத்தான் போவணும்.”

நாளை காலை போகிறேன். கதவைத் திறந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எப்படி ஆரம்பித்தாலும் கடைசியில் ஒன்றுதான் நிற்கிறது: “சார், அந்த நம்பரப் போட்டது நான்.”

அம்மா